அணுக்கழிவின் கணக்கை எதில் எழுதி வைப்பது?

வந்த கேள்வி இது: "கல்பாக்கம் வழியாகப் புதுச்சேரி போகும்போதெல்லாம் ஒரு யோசனை வருகிறது. அணுக்கழிவு பல்லாயிரம் ஆண்டுகளுக்கு ஆபத்தானது என்கிறார்கள். எந்தக் கலத்தில் என்ன இருக்கிறது, எங்கே வைத்திருக்கிறார்கள் என்ற கணக்கை அத்தனை காலம் எதில் எழுதி வைப்பது? ஹார்ட் டிஸ்க் பத்து வருடம் தாங்கினாலே பெரிய விஷயம். எம்-டிஸ்க், நீலக்கல் தட்டு என்றெல்லாம் படிக்கிறேன். எது நிஜமாகவே நிற்கும்?"

நான் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்தவன் இல்லை. சென்னையில் இருபத்தைந்து வருடமாகப் பழைய ஆவணங்களைக் காப்பாற்றுகிற வேலையில் இருக்கிறேன். ஓலைச்சுவடி, பதிவேடு, மைக்ரோஃபிலிம், சிடி, டேப் எல்லாம் கைக்கு வந்திருக்கின்றன. எங்கள் தொழிலில் அணுக்கழிவு ஆவணத்தைவிடக் கடினமான கேள்வி கிடையாது. அதனால்தான் அதை விடாமல் படித்து வருகிறேன்.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்தாயிரம் வருடம் நிற்கக்கூடிய பொருள் இன்றைக்கே இருக்கிறது. ஆனால் எழுதியதை வாசிக்கத் தெரிந்த ஆளும், அது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆளும் அத்தனை காலம் இருக்க வேண்டுமே, அங்கேதான் கயிறு அறுகிறது. ஆகவே நான் பொருளைத் தேடுவதைவிட, தலைமுறைக்கு ஒருமுறை படியெடுக்கிற ஏற்பாட்டைத் தேடச் சொல்வேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் எத்தனை காலம் என்று பார்ப்போம். கழிவில் இருக்கும் சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 இரண்டுக்கும் அரை ஆயுள் சுமார் 30 வருடம். பத்து அரை ஆயுள், அதாவது 300 வருடம் போனால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். வீரியம் குறைந்த கழிவைத் தரைக்கு அருகில் புதைக்கும் இடங்களுக்கு 300 வருடக் காவல் என்று பேசுவது இந்தக் கணக்கில்தான். புளூட்டோனியம்-239 என்றால் கதை வேறு, அரை ஆயுளே சுமார் 24,100 வருடம். டெக்னீசியம்-99 இரண்டு லட்சம் வருடத்தைத் தாண்டும். அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில் உப்புப் பாறைக்குள் சுமார் 655 மீட்டர் ஆழத்தில் ஒரு புதைப்பிடம் 1999 முதல் இயங்குகிறது. அதற்கு விதி வகுத்தவர்கள் எடுத்துக்கொண்ட காலம் 10,000 வருடம்.

இத்தனை காலத்துக்கும் ஒரே வாசகர் இல்லை. நாற்பது வருடம் கழித்து ஒரு பொறியாளர் வருவார். ஒரு குறிப்பிட்ட கலத்தை இடம் மாற்ற வேண்டியிருக்கும். அவருக்கு அந்தக் கலத்தின் எண், உள்ளே ஊற்றிய கண்ணாடியின் கலவை, ஊற்றிய தேதி, கதிரியக்க அளவு, பற்றவைத்த முறை எல்லாம் வேண்டும். இருநூறு வருடம் கழித்து வருபவர் அந்த நிலத்தில் வீடு கட்டலாமா, கிணறு தோண்டலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர். அவருக்கு வரைபடமும் சில பக்க விளக்கமும் போதும். ஐயாயிரம் வருடம் கழித்து வருபவருக்கு ஒரே ஒரு செய்திதான்: இங்கே தோண்டாதே. முதல் வாசகருக்கு லட்சக்கணக்கான பக்கம், கடைசி வாசகருக்கு ஒரு வரி. இந்த மூன்று பேரையும் ஒரே தட்டில் உட்கார வைக்கப் பார்ப்பதால்தான் "எது நிற்கும்" என்ற கேள்வி தீராமல் சுற்றுகிறது.

நம் நாட்டில் எரிபொருளை மறுபதப்படுத்தி, மிஞ்சுகிற அதிவீரியக் கழிவை போரோசிலிகேட் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, எஃகுக் கலங்களில் ஊற்றி இறுக விடுகிறார்கள். தாராப்பூர், டிராம்பே, கல்பாக்கம் மூன்று இடத்திலும் அந்த வேலை நடக்கிறது. ஆழத்தில் நிரந்தரமாகப் புதைக்கும் இடம் இன்னும் அமையவில்லை. அதனால் நமக்கு இப்போது அவசரமாக முக்கியமானவர் முதல் வாசகர்தான், நாற்பது வருடத்துக்கு அப்புறம் வருகிற அந்தப் பொறியாளர். அவரை விட்டுவிட்டுப் பத்தாயிரம் வருடத்தைப் பற்றிப் பேசுவது எனக்கு எப்போதும் சங்கடமாக இருக்கிறது.

சரி, பொருட்களுக்கு வருவோம்.

ஹார்ட் டிஸ்க், எஸ்.எஸ்.டி., பென்டிரைவ் மூன்றையும் சீக்கிரம் தள்ளி வைத்துவிடலாம். ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் பாகங்கள் இருக்கின்றன, அவை தேயும், சும்மா வைத்திருந்தாலும் சிக்கிக்கொள்ளும். எஸ்.எஸ்.டி.யும் பென்டிரைவும் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துத்தான் நினைவில் வைக்கின்றன, அது மெல்லக் கசியும். வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி.க்குத் தொழில்துறை வகுத்த அளவுகோலே இதுதான்: எழுதி எழுதித் தேய்ந்த பிறகு, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் 1 வருடம் தகவலைக் காத்தால் போதும். இவை வேலை செய்யும் மேசைக்கு உரியவை, பெட்டகத்துக்கு உரியவை அல்ல.

சிடி, டிவிடி பற்றி ஒரு அனுபவம். ஒரு அலுவலகத்தில் 2004 வாக்கில் தங்கள் பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்து சிடிகளில் எழுதி, மரப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். 2019-இல் என்னைக் கூப்பிட்டார்கள். பீரோவைத் திறந்ததும் நாப்தலின் உருண்டை வாசனை, அதற்கு அடியில் ஈர வாசனை. ஒரு சிடியை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். ஊசியால் குத்தியது போல நூற்றுக்கணக்கான பொட்டுகள் வழியாக வெளிச்சம் வந்தது. பின்னிருக்கும் உலோகப் பூச்சு அரித்துப்போயிருந்தது. இன்னொன்றில் விளிம்பிலிருந்து நடு நோக்கிப் பூஞ்சை, பாசி படர்ந்த மாதிரி நரம்பு நரம்பாக ஏறியிருந்தது. பாதிக்கு மேல் வாசிக்கவே இல்லை. ஸ்கேன் செய்த மூலப் பதிவேடுகளை இடம் அடைக்கிறது என்று ஏற்கெனவே கழித்துக்கட்டி விட்டிருந்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

அந்த சிடிகளின் உறையில் "100 வருடம்" என்று அச்சிட்டிருந்தது. அது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த எண்கள் எப்படி வருகின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும். நூறு வருடம் காத்திருந்து யாரும் சோதிப்பதில்லை. பொருளை அதிக வெப்பத்திலும் அதிக ஈரத்திலும் சில வாரம் வைத்து, எவ்வளவு வேகமாகக் கெடுகிறது என்று அளந்து, அதிலிருந்து சாதாரண வெப்பநிலைக்குக் கணக்குப் போடுகிறார்கள். பத்து டிகிரி ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பழைய கட்டைவிரல் கணக்கு. அப்படியானால் 20 டிகிரியில் நூறு என்பது 30 டிகிரியில் ஐம்பது. சென்னையில் ஏசி இல்லாத அறையில் வருடத்தில் பாதி நாள் 30-ஐத் தாண்டுகிறது, ஈரப்பதம் 70, 80 சதவீதம் சாதாரணம். ஆய்வகக் கணக்கில் பூஞ்சையும் கிடையாது, 2015 டிசம்பர் வெள்ளமும் கிடையாது.

எம்-டிஸ்க் இதில் ஒரு படி மேல். சாதாரண டிவிடியில் சாயப் பூச்சில் எழுதுகிறோம், சாயம் வெளிறும். எம்-டிஸ்க்கில் கல் போன்ற கனிமப் படலத்தில் லேசர் குழி போடுகிறது. ஆயிரம் வருடம் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அந்தப் படலம் நிற்கலாம். ஆனால் அதைத் தாங்குவது அதே பாலிகார்பனேட் பிளாஸ்டிக், வாசிப்பது அதே டிவிடி டிரைவ். இன்றைக்கு வாங்குகிற மடிக்கணினியில் டிரைவ் எங்கே இருக்கிறது? சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் பழைய டிரைவ் இன்னும் கிடைக்கிறது. 1990-களில் புழங்கிய ஜிப் டிரைவ் கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் பையனுக்கு அந்தப் பெயரே புதிதாக இருக்கும். பெரிய நிறுவனங்கள் தகவலைச் சேமிக்கிற எல்.டி.ஓ. காந்த டேப்பும் அப்படித்தான். டேப்புக்கு 30 வருட ஆயுள் சொல்கிறார்கள், ஆனால் எட்டாம் தலைமுறை டிரைவ் தனக்கு முந்தைய ஒரே ஒரு தலைமுறை டேப்பைத்தான் வாசிக்கும். டேப் நன்றாக இருக்கும்போதே அது ஊமையாகிவிடும்.

நாசாவுக்கே இது நடந்தது. 1966, 67-இல் நிலவைச் சுற்றிய விண்கலங்கள் அனுப்பிய படங்கள் அகலமான காந்த டேப்பில் இருந்தன. டேப்புகள் பத்திரமாகவே இருந்தன. அவற்றை ஓட்டும் ஆம்பெக்ஸ் இயந்திரங்களைக் கோழிக்கொட்டகை மாதிரி ஒரு இடத்தில் ஒரு பெண்மணி எறிய மனமில்லாமல் வைத்திருந்ததால்தான், 2008-க்கு அப்புறம் பழுது பார்த்து அந்தப் படங்களை மீட்க முடிந்தது. இங்கிலாந்தில் 1986-இல், 900 வருடத்துக்கு முந்தைய நிலக் கணக்கேட்டின் நினைவாக நாட்டையே படம்பிடித்து லேசர் டிஸ்க்கில் பதித்தார்கள். பதினாறு வருடத்தில் அதை வாசிக்கத் தனி ஆராய்ச்சி தேவைப்பட்டது. தோலில் எழுதிய 1086-ஆம் வருடத்து மூல ஏட்டை இன்றும் பிரித்து வாசிக்கலாம்.

அதற்கும் அடுத்த கட்டம் ஒன்று இருக்கிறது. தமிழில் கணினியைப் பயன்படுத்திய நம் எல்லோருக்கும் அது தெரியும். 1990-களில் தமிழில் தட்டச்சு செய்த ஒரு கோப்பை இன்று திறந்து பாருங்கள். பைட் ஒன்றுகூடக் கெடவில்லை, ஆனால் திரையில் லத்தீன் எழுத்தும் குறியும் கலந்த குப்பை. எந்த எழுத்துருவில் அடித்தார்கள் என்று தெரிந்தால்தான் மீட்க முடியும். பாமினியா, டிஸ்கியா, டேபா (TAB), டேமா (TAM) என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து மாற்றியிருக்கிறேன். இத்தனைக்கும் எழுதியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், மொழி நம் மொழி, ஏறத்தாழ முப்பது வருடம்தான் ஆகிறது. அணு உலைக் கணக்குகள் பலவும் அந்தந்த நிறுவனத்துக்கென்றே எழுதிய மென்பொருளில் உருவாகின்றன. அந்த மென்பொருள் போனால் எண்கள் வெறும் எண்களாக நிற்கும்.

கல்பாக்கத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில் சதுரங்கப்பட்டினம் கோட்டை இருக்கிறது. டச்சுக்காரர்கள் கட்டியது. உள்ளே சின்னக் கல்லறைத் தோட்டம். 17, 18-ஆம் நூற்றாண்டுக் கல்லறைக் கற்கள், புடைப்பாகச் செதுக்கிய எழுத்து, விளிம்பில் குலச் சின்னங்கள். விரலை வைத்துத் தடவினால் ஒவ்வொரு எழுத்தின் ஓரமும் தெரிகிறது. ஆனால் பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கு அதில் ஒரு சொல் புரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 300 வருடம். கழிவுக் காவலுக்குச் சொல்லும் அதே காலம். கல் தாங்கியது, மொழி ஊரைவிட்டுப் போய்விட்டது.

இன்னும் பின்னால் போனால் மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம். கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் சமணத் துறவிகளுக்காகக் குகையில் வெட்டிய தமிழி எழுத்து. 1882-இல் ராபர்ட் சிவெல் என்ற ஆங்கிலேய அதிகாரியின் கண்ணில் பட்டது. அது தமிழ்தான் என்று 1924-இல் கல்வெட்டு அறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர் வாசித்துச் சொல்லும் வரை அது என்ன மொழி என்பதே தெரியவில்லை. தமிழ் அழியவில்லை, தமிழர் எங்கும் போகவில்லை, கல்லும் உடையவில்லை. எழுத்து மட்டும் மாறிக்கொண்டே வந்தது, அவ்வளவுதான். இரண்டாயிரம் வருடத்துக்கே இப்படி என்றால் பத்தாயிரத்துக்கு எந்த மொழியில் எழுதுவது? நியூ மெக்சிகோ புதைப்பிடத்துக்கு 1990-களில் திட்டம் போட்டவர்கள் ஐ.நா.வின் ஆறு மொழிகளோடு அந்தப் பகுதிப் பழங்குடியினரின் நவஹோ மொழியையும் சேர்த்து ஏழு மொழியில் கல்லில் வெட்டலாம் என்றார்கள். கூடவே, பின்னால் வருகிறவர்கள் தங்கள் மொழியில் வெட்டிக்கொள்ளக் கொஞ்சம் இடத்தைக் காலியாக விடச் சொன்னார்கள். அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் காலி இடம்தான்.

காகிதத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது, ஏனென்றால் இதை நிஜமாகவே செய்து காட்டிய இடத்தில் காகிதத்தைத்தான் நம்பினார்கள். பிரான்சின் மான்ஷ் பகுதியில் 1969 முதல் 1994 வரை வீரியம் குறைந்த கழிவைப் புதைத்தார்கள், 5 லட்சம் கன மீட்டருக்கும் மேல். மூடியபோது ஆந்த்ரா என்ற அவர்களுடைய கழிவு நிறுவனம் ஆவணங்களை நிரந்தரக் காகிதத்தில் அச்சிட்டது. ஒரு படி அந்த இடத்தில், இன்னொரு படி தேசிய ஆவணக் காப்பகத்தில். அதோடு ஒரு சுருக்கத் தொகுதியும் தயாரித்துச் சுற்றுவட்டார ஊர் மன்றங்களுக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள். அப்புறம் ஒரு காரியம் செய்தார்கள், அதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெளியாட்களைக் கூட்டிவந்து, கேள்விகளைக் கையில் கொடுத்து, இந்த ஆவணங்களை மட்டும் வைத்துப் பதில் கண்டுபிடிக்க முடிகிறதா என்று சோதித்தார்கள். நம் ஊரில் எத்தனை ஆவண அறைகளுக்கு இந்தச் சோதனை நடந்திருக்கிறது?

நிரந்தரக் காகிதம் என்றால் என்ன? சாதாரண மரக்கூழ்க் காகிதத்தில், முக்கியமாக 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வந்ததில், படிகாரமும் ரோசினும் சேர்ப்பார்கள். அது ஈரத்தில் அமிலமாகி நாரை உள்ளிருந்தே அறுக்கும். பழுப்பேறி, மடித்தால் அப்பளம் மாதிரி நொறுங்குகிற புத்தகம் அந்த வகை. ஐ.எஸ்.ஓ. 9706 என்ற தரத்தில் வருவது காரத்தன்மையுள்ள காகிதம். அதில் குறைந்தது 2 சதவீதம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான கார இருப்பு இருக்கும், காற்றிலிருந்து வருகிற அமிலத்தை அது தின்றுவிடும். நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 17-ஆம் நூற்றாண்டுப் புனித ஜார்ஜ் கோட்டைப் பதிவேடுகள் இருக்கின்றன. கந்தல் துணியிலிருந்து செய்த காகிதம், இன்றும் மடிகிறது. அதே கட்டடத்தில் 1940-களின் போர்க்காலக் காகிதத்தைத் தூக்கவே பயமாக இருக்கும். வயதைவிட உள்ளே என்ன கலந்தார்கள் என்பதுதான் பேச்சு.

மைக்ரோஃபிலிமும் நல்ல ஊடகம்தான், பாலியெஸ்டர் அடிப்படையில், வெள்ளிப் பூச்சோடு, சரியாகக் கழுவி எடுத்தால் 500 வருடம் என்று தரம் வகுத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் பிரைபுர்க் நகருக்கு அருகே ஒரு பழைய சுரங்கத்தில் எஃகுப் பீப்பாய்களுக்குள் நாட்டின் ஆவணப் படங்களை இப்படித்தான் 1975 முதல் வைத்து வருகிறார்கள். பழைய அசிடேட் ஃபிலிமை மட்டும் நம்பக் கூடாது. டப்பாவைத் திறந்தால் ஊறுகாய் ஜாடியைத் திறந்தது போல வினிகர் வாசனை மூக்கில் ஏறும், அது வந்துவிட்டால் பக்கத்து டப்பாவுக்கும் பரவும். மைக்ரோஃபிலிமின் பெரிய பலம், அதை வாசிக்க விளக்கும் பூதக்கண்ணாடியும் போதும்.

இந்தப் பலம்தான் நீங்கள் கேட்ட நீலக்கல் தட்டுக்கும். 2012-இல் ஆந்த்ரா ஒரு மாதிரித் தட்டைக் காட்டியது. சுமார் 20 செ.மீ. விட்டமுள்ள இரண்டு மெல்லிய செயற்கை நீலக்கல் தட்டுகள், நடுவில் பிளாட்டினத்தில் பொறித்த 40,000 பக்கங்கள், இரண்டையும் ஒன்றாக ஒட்டிவிட்டார்கள். செலவு 25,000 யூரோ. பத்து லட்சம் வருடம் தாங்கலாம் என்பது மதிப்பீடு. மென்பொருள் வேண்டாம், நுண்ணோக்கி போதும். நான் இதை மதிக்கிறேன். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் குவார்ட்ஸ் கண்ணாடிக்குள் லேசரால் எழுதுகிறார்கள், மைக்ரோசாஃப்டும் அதே பாதையில் போகிறது. அதில் கொள்ளளவு மிக அதிகம். ஆனால் அதை வாசிக்கத் தனிக் கருவியும் சங்கேதத்தைப் பிரிக்கிற நிரலும் வேண்டும், அதனால் ஜிப் டிரைவின் தலையெழுத்து அதற்கும் காத்திருக்கிறது. ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட் உப்புச் சுரங்கத்தில் சுட்ட பீங்கான் ஓடுகளில் எழுதி அடுக்குகிறார்கள். விலை குறைந்தது, உருக்கி விற்க முடியாதது. இந்த இரண்டாவது குணம் மிக முக்கியம்.

ஏன் என்று நம் செப்பேடுகளைப் பார்த்தால் புரியும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டுச் செப்பேடு இருக்கிறது, ராஜேந்திர சோழன் காலத்தது, 1905-இல் கிடைத்தது, 31 ஏடுகள். எல்லா ஏட்டிலும் துளை போட்டு ஒரு கனமான வளையத்தில் கோத்து, வளையத்தின் வாயில் சோழர் முத்திரையை வார்த்திருக்கிறார்கள். வளையத்தை வெட்டாமல் ஒரு ஏட்டைக்கூட உருவ முடியாது, நடுவில் ஒன்றைச் செருகவும் முடியாது. எத்தனை பக்கம், எந்த வரிசை, யார் பொறுப்பு என்ற மூன்றுக்கும் அந்த வளையமே பதில். கோப்பில் எதுவும் மாறவில்லையே என்று நாம் இன்று ஹாஷ் என்ற சரிபார்ப்பு எண்ணைப் போட்டுப் பார்ப்பதை அவர்கள் உலோகத்தில் செய்தார்கள். ஆனால் இப்படி எத்தனை சாசனங்கள் பாத்திரக் கடைக்குப் போய் உருகின என்பதற்குக் கணக்கே கிடையாது. செம்புக்கு விலை உண்டு. பிளாட்டினத்துக்கு அதைவிட அதிக விலை உண்டு.

இவ்வளவு பேசியும், ஆவணம் எதனால் தொலைகிறது என்று பார்த்தால் ஊடகம் கெட்டதால் தொலைந்தவை குறைவு. 2010-இல் டெல்லி மாயாபுரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் கோபால்ட்-60 அடைத்த கருவி 1960-களில் வாங்கப்பட்டது, 1985-க்குப் பிறகு யாரும் பயன்படுத்தவில்லை. மூலையில் கிடந்தது. 25 வருடம் கழித்துப் பழைய சாமான்களோடு ஏலத்தில் போனது. காயலான் கடையில் பிரித்தார்கள். ஒருவர் இறந்தார், பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். அந்தக் கருவியின் ரசீது கரையான் அரித்துப் போனதா? பிரச்சினை அதுவே இல்லை. அது என்ன என்று தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள், அடுத்து வந்தவரிடம் யாரும் கைகாட்டிச் சொல்லவில்லை. இருபத்தைந்தே வருடம், ஒரே கட்டடம், ஒரே நிறுவனம். ஜெர்மனியில் ஆஸ்ஸே உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை சுமார் 1,26,000 கலங்களை இறக்கினார்கள். உள்ளே இருக்கும் புளூட்டோனியம் 9.6 கிலோ என்று வைத்திருந்த கணக்கு, 2009-இல் திரும்பப் பார்த்தபோது ஏறத்தாழ 28 கிலோ ஆனது. தப்பான கணக்கை நீலக்கல்லில் பொறித்தால் தப்பு பத்து லட்சம் வருடம் நிற்கும்.

இனி நம் முன்னோர் இதை எப்படிக் கையாண்டார்கள் என்பதற்கு வருகிறேன். எனக்கு மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இது. ஓலைச்சுவடியின் ஆயுள் நம் காற்றில் சில நூறு வருடம்தான். அதை எழுதியவர்களுக்கே அது நன்றாகத் தெரியும். எங்களிடம் வருகிற சுவடிகளில் சில, பார்த்தால் வெறும் ஓலையாக இருக்கும். எழுத்தாணி கீறிய கோடு மட்டும் உண்டு, மை போய்விட்டது. பஞ்சில் எலுமிச்சைப்புல் எண்ணெயைத் தொட்டு மெல்லத் துடைத்து, விளக்குக்கரியைக் குழைத்துத் தடவி, மேலே இருப்பதைத் துணியால் வழித்தெடுத்தால், ஓலைக்குள்ளிருந்து வரி வரியாக எழுத்து எழும்பி வரும். எத்தனை முறை செய்தாலும் அந்த நொடியில் மூச்சு நின்றுவிடுகிறது. அதோடு கடைசி ஏட்டில் யார் எழுதியது, எந்த வருடம், யாருடைய ஏட்டைப் பார்த்து எழுதியது என்று பல சுவடிகளில் இருக்கும். இது படிதான், இதற்கும் ஒரு நாள் படியெடுக்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டவர்களின் கையெழுத்து அது.

கல்லை நம்பியவர்களும் கல்லை மட்டும் நம்பவில்லை. "கல்லிலும் செம்பிலும் வெட்டிக்கொள்க" என்று சோழர் ஆணைகளில் வரும். இரண்டு ஊடகம், இரண்டு இடம். கடைசியில் ஓம்படைக்கிளவி: இந்தத் தர்மத்தைக் காப்பவன் பாதம் என் தலைமேல், அழிப்பவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான். வாசிக்கத் தெரியாதவனுக்கும் காதுவழி போய்ச் சேரும் செய்தி அது.

எல்லாவற்றுக்கும் மேல் திருமழபாடிக் கோயில். அந்தக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் ராஜராஜன் ஆணையிட்டான். சுவரெல்லாம் பழைய கல்வெட்டு. இடிப்பதற்கு முன் அவற்றைப் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளச் சொன்னான். புதுச் சுவர் எழுந்த பிறகு, அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில், புத்தகத்தைப் பார்த்துத் திரும்பக் கல்லில் வெட்டினார்கள். கல்லிலிருந்து புத்தகம், புத்தகத்திலிருந்து கல், நடுவில் ஒரு மன்னனின் காலம் முடிந்து அடுத்தவன் வந்துவிட்டான், வேலை நிற்கவில்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய இந்த ஏற்பாட்டைவிட நல்ல திட்டத்தை நான் எந்த நாட்டு அறிக்கையிலும் பார்க்கவில்லை. இன்றைக்குத் திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சு அடித்து எழுத்தைச் சுரண்டி எடுக்கிறபோது அதை நினைத்து வயிறு எரிகிறது.

சரி, என்னைக் கேட்டால் என்ன செய்வேன்? முழுக் கணக்கையும் டிஜிட்டலில் வைத்திருப்பேன், எளிய, வெளிப்படையான வடிவத்தில், வெவ்வேறு ஊரில் மூன்று படி, அதில் ஒன்றாவது கடற்கரையிலிருந்து தள்ளி. வருடா வருடம் பைட் பைட்டாகச் சரிபார்த்து, ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறை புது ஊடகத்துக்கு மாற்றுவேன். அதில் மிக அவசியமானதை மட்டும் பிரித்து நிரந்தரக் காகிதத்தில் இரண்டு படி. ஓ.ஈ.சி.டி.யின் அணுசக்தி முகமை 2011 முதல் சில வருடம் பல நாட்டாரைக் கூட்டி இதே விஷயத்தைப் பேசியது. சுமார் 40 பக்கத்தில், யார் படித்தாலும் புரிகிற ஒரு சுருக்கக் கோப்பு ஒவ்வொரு புதைப்பிடத்துக்கும் வேண்டும் என்று சொன்னது. அந்த 40 பக்கத்தைத் தமிழிலும் எழுத வேண்டும். கல்பாக்கத்தைச் சுற்றி 200 வருடம் கழித்து இருக்கப் போகிறவர் பேசுவது பெரும்பாலும் தமிழாகத்தான் இருக்கும். எழும்பூரில் ஒன்று, ஊராட்சி அலுவலகத்தில் ஒன்று, பள்ளிக்கூட நூலகத்தில் ஒன்று. ஒவ்வொரு படியின் கடைசிப் பக்கத்திலும், சுவடியில் போல, யார் எடுத்த படி, அடுத்த படியை எந்த வருடத்துக்குள் எடுக்க வேண்டும் என்று அச்சிட வேண்டும். முப்பது வருட இடைவெளி சரியாக இருக்கும், அப்போதுதான் முதல் படியைச் செய்தவர் இரண்டாம் படியைச் செய்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தர முடியும்.

கல் வேண்டுமா? ஒன்று வைக்கலாம், ஆனால் இடம் பார்த்து. கல்பாக்கத்திலிருந்து 15 கிலோமீட்டர் தொலைவில் மாமல்லபுரத்தில் இதற்கு 1,300 வருடச் சோதனை முடிவே இருக்கிறது. கடற்கரைக் கோயிலில் கடலைப் பார்த்த பக்கத்துச் சிற்பங்கள் உப்புக்காற்றில் முகமே தெரியாமல் மழுங்கிப்போயின. தொல்லியல் துறையினர் ஈரக் காகிதக்கூழை அப்பி உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள், சவுக்குத் தோப்பு போட்டுக் காற்றைத் தடுக்கிறார்கள். ஊருக்குள் கொஞ்ச தூரம் தள்ளி அர்ச்சுனன் தபசுப் பாறையில் பூனையின் விரல்கூடத் தெளிவாக இருக்கிறது. அதனால் கல்லைக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே, காற்று நேராக அடிக்காத இடத்தில் நடுவேன். வெட்டுவது ஆழமாக, எழுத்து பெரிதாக. அதில் கழிவுக் கணக்கு எதுவும் வேண்டாம், தோண்டாதீர்கள் என்ற சொல்லும், விவரப் புத்தகம் எந்தெந்த ஊரில் இருக்கிறது என்ற வரியும் போதும். கீழே பாதிக் கல்லை வெறுமையாக விட்டுவிடுவேன், பின்னால் வருகிறவர்கள் வெட்டிக்கொள்ள.